கல்லில் இருந்த பெயர்: எபிரேய எழுத்தும் ஒரு குடும்ப வரலாறும்

எபிரேய நெடுங்கணக்கில் இருப்பவை 22 எழுத்துகள். தமிழ் விவிலியத்தில் 119ஆம் சங்கீதத்தைப் புரட்டியவர்களுக்கு அவற்றின் பெயர்கள்கூடப் புதியவையல்ல. ஆலெப், பேத், கிமெல் என்று எட்டெட்டு வசனங்களுக்கு ஒரு தலைப்பாக அவை வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். ஆர்வமுள்ள மாணவர் ஒருவர் ஒரே வாரத்தில் அவ்வெழுத்துகளை அடையாளம் காணப் பழகிவிடலாம். ஆனால் எழுத்தை அடையாளம் காண்பதற்கும் எழுதப்பட்டதைப் படிப்பதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. அந்தத் தொலைவைப் பற்றியும், அதைக் கடக்காமல் விட்டால் ஒரு குடும்பம் எதை இழக்க நேரும் என்பதைப் பற்றியும் இங்கே எழுத விரும்புகிறேன். மொழியியல் மாணவர்களுக்கும் வரலாற்று மாணவர்களுக்கும் இது பயன்படலாம்.

என் முனைவர்பட்ட ஆய்வு, ஒரே எழுத்தில் பல மொழிகளை எழுதிவந்த சமூகங்களைப் பற்றியது. எபிரேய எழுத்து அதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. கிழக்கு ஐரோப்பாவில் யித்திஷ், உதுமானியப் பேரரசின் நகரங்களில் லதீனோ, பாக்தாதிலும் கெய்ரோவிலும் யூத அரபு, ஈரானில் யூதப் பாரசீகம் ஆகிய எல்லாம் அந்த 22 எழுத்துகளிலேயே எழுதப்பட்டன. ஆகவே ஒரு தாளில் எபிரேய எழுத்தைக் கண்டதும் அது எபிரேய மொழி என்று முடிவுகட்டிவிட முடியாது. இதற்கு நம் நாட்டிலேயே பழைய சான்று இருக்கிறது. கி.பி. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கப்பட்ட செப்பேட்டின் இறுதியில் சாட்சிகள் அரபு, பகலவி, எபிரேயம் ஆகிய மூன்று எழுத்துகளில் கையொப்பமிட்டிருக்கிறார்கள். எபிரேய எழுத்தில் உள்ளவற்றின் மொழியோ பாரசீகம்.

ஆகவே குடும்ப ஆவணம் ஒன்றைக் கையில் எடுத்ததும் நான் முதலில் தேடும் சொல், 'மகன்' அல்லது 'மகள்' என்பதற்கான சொல்லே. 'பென்' என்றிருந்தால் எபிரேயம். 'பர்' என்றால் அரமேயம். 'இப்ன்' என்றால் அரபு. மகளுக்கு எபிரேயத்தில் 'பத்', அரபில் 'பிந்த்'. இரண்டு மூன்று எழுத்துகள் கொண்ட இந்தச் சிறு சொல் இரண்டு செய்திகளை ஒருசேரத் தருகிறது. ஆவணம் எந்த மொழியில் இருக்கிறது என்பது ஒன்று; அதற்கு அடுத்து வருவது தந்தையின் பெயர் என்பது மற்றொன்று.

தந்தையின் பெயரே எபிரேய ஆவணங்களில் ஒருவரின் முகவரி. குடும்பப் பெயர் என்பது பல யூதச் சமூகங்களில் பிற்காலத்தில், பெரும்பாலும் அரசுகளின் கட்டாயத்தால் வந்து சேர்ந்தது. சமயச் சடங்குகளில் இன்றும் ஒருவர் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்றே அழைக்கப்படுகிறார். பெயருக்கு முன்னால் தந்தையின் முதலெழுத்தைச் சுமந்து வளர்ந்த நமக்கு இம்முறையை விளக்க வேண்டியதில்லை. வேறுபாடு ஒன்று உண்டு: நம் முதலெழுத்து சுருங்கிவிட்ட பெயர், அவர்கள் கல்லில் முழுப்பெயரும் இருக்கும். திருமணமான பெண்ணின் கல்லிலும் எபிரேயப் பகுதியில் தந்தையின் பெயரே இடம்பெறுவது பரவலான வழக்கு. அதே கல்லின் ஆங்கிலப் பகுதியில் அவர் இன்னாரின் அன்பு மனைவி. நகராட்சிப் பதிவேடு கணவன் வழியாக மட்டும் அறிந்த ஒரு பெண்ணை எபிரேய வரி ஒரு தகப்பனின் மகளாகவும் காட்டுகிறது. தாய்வழி மூதாதையரைத் தேடுவோருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

இனி, எழுத்துமுறை தரும் இடர்கள். எபிரேயம் பெரும்பாலும் மெய்களை மட்டுமே எழுதும். உயிர்களைக் குறிக்கும் புள்ளிகளும் கோடுகளும் பிற்காலச் சேர்க்கை. கல்லறைக் கற்களில் அவை இருப்பதில்லை. ஷீன், லாமெத், மேம் என்ற மூன்று எழுத்துகளை ஷாலோம் என்றும் படிக்கலாம், ஷல்லூம் என்றும் படிக்கலாம். பனையோலையில் புள்ளி இல்லாமல் எழுதப்பட்ட தமிழைப் படித்தவர்களுக்கு இந்த இடர் தெரிந்ததுதான். ஓலையில் மெய்க்குப் புள்ளி இராது; எகர ஒகரக் குறில் நெடில்களுக்கு வேறுபாடும் இராது. பதிப்பாசிரியர் சொல்லையும் யாப்பையும் அறிந்திருந்தால் மட்டுமே சரியான வடிவத்தைக் கண்டடைவார். எபிரேயக் கல்லைப் படிப்பவருக்கு யாப்புக்குப் பதிலாக மரபான பெயர்களின் தொகுதியும் வாய்பாடுகளின் அறிவும் துணை நிற்கின்றன.

எழுத்துகளின் வடிவ ஒற்றுமை அடுத்த இடர். தாலெத்துக்கும் ரேஷுக்கும் உள்ள வேறுபாடு மேல்மூலையின் ஒரு சிறு முனைதான். பேத்தும் காப்பும் அப்படியே. ஹேயும் ஹேத்தும் அப்படியே. மழையில் நூறாண்டு நின்ற கல்லில் அந்த முனைகளே முதலில் தேய்ந்துபோகும். எல்லா எழுத்துகளுக்கும் மேலே கழுத்தை நீட்டி நிற்பது லாமெத் ஒன்றுதான். தேய்ந்த கல்லிலும் கிழிந்த தாளிலும் முதலில் கண்ணுக்குத் தட்டுப்படுவது அதுவே. இந்த லாமெத்தை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

சுருக்கக் குறியீடுகளைத் தெரியாமல் ஒரு கல்லைத் தொடவே முடியாது. பல கற்களின் தலைப்பில் இருக்கும் பே, நூன் என்ற இரண்டு எழுத்துகளின் பொருள், 'இங்கே அடக்கம் செய்யப்பட்டவர்' என்பது. பல கற்களின் இறுதியில் ஐந்து எழுத்துகள் வரும். இறந்தவரின் உயிர் வாழ்வோரின் முடிச்சோடு சேர்ந்திருக்க வேண்டும் என்ற வேண்டுதலின் முதலெழுத்துகள் அவை. சாமுவேலின் முதல் நூலில் அபிகாயில் தாவீதிடம் பேசும் இடத்திலிருந்து வந்தவை. பெயருக்கு முன்னால் தனி ரேஷ் இருந்தால் அவர் ரப்பி என்று குடும்பத்தினர் மகிழ்ந்துவிடுவார்கள். பெரும்பாலும் அது நம் 'திரு'வைப் போன்ற மதிப்பு அடைமொழிதான். பெயருக்குப் பின்னால் சாயின், லாமெத் என்ற இரண்டு எழுத்துகள் வந்தால், 'அவர் நினைவு ஆசியாகட்டும்' என்று பொருள். ஒரு திருமண ஒப்பந்தத்தில் மணமகளின் தந்தை பெயருக்குப் பின் இக்குறியீடு இருந்தால், திருமணத்தின்போது அவர் உயிருடன் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். 'ஹகோஹேன்' என்றிருந்தால் ஆரோனின் குருமார் வழி. 'ஹலேவி' என்றிருந்தால் லேவியர் வழி. இரண்டும் தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்கு வருபவை.

ஆண்டுக் கணக்கு தமிழருக்கு எளிதாகவே பிடிபடும். எழுத்துகளே எண்களாக நிற்பது நமக்குப் பழகியது. க, உ, ரு, எ, அ என்ற எழுத்துகளின் சாயலில் எண்களை எழுதியவர்கள் நாம். எபிரேயத்தில் முதல் ஒன்பது எழுத்துகள் 1 முதல் 9 வரை. அடுத்த ஒன்பது 10 முதல் 90 வரை. கடைசி நான்கு 100, 200, 300, 400. கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். விதிவிலக்கு, 15உம் 16உம். அவற்றைப் பத்தோடு ஐந்து, பத்தோடு ஆறு என்று எழுதினால் இறைவனின் திருப்பெயரின் எழுத்துகள் வந்துவிடும் என்பதால், ஒன்பதோடு ஆறு, ஒன்பதோடு ஏழு என்று எழுதுவார்கள். ஆண்டில் ஆயிரங்களை விட்டுவிடுவதும் வழக்கம். 5716ஆம் ஆண்டு கல்லில் வெறும் 716 என்றே இருக்கும். இந்த மூவிலக்க எண்ணோடு 1240ஐக் கூட்டினால் பொது ஆண்டு கிடைக்கும். பிரபவ என்று மட்டும் எழுதியிருந்தால் 1927ஆ 1987ஆ என்று நாம் திகைப்பதைப் போன்ற சிக்கல் இங்கே இல்லை. ஆயிரம் ஆண்டு இடைவெளியில் யாரும் தடுமாறுவதில்லை. ஆனால் எபிரேய ஆண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் பிறக்கிறது. ஆகவே ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்கு விடையிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். நாளும் மாலையில் கதிரவன் மறையும்போதே தொடங்குகிறது. கல்லின் எபிரேயத் தேதிக்கும் ஆங்கிலத் தேதிக்கும் ஒரு நாள் வேறுபாடு இருந்தால், கொத்தர் பிழைசெய்தார் என்று எண்ணுவதற்கு முன், அந்த மனிதர் இருட்டிய பின் இறந்திருக்கலாமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

கொத்தரின் பிழை என்ற இந்தச் சொற்றொடரே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

கல்கத்தாவின் பாக்தாதி யூதர் சமூகத்தின் வரலாறு பலருக்குத் தெரிந்திருக்கும். அலெப்போவிலிருந்து ஷாலோம் கோஹென் என்ற வணிகர் 1798இல் அந்நகருக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து பாக்தாதிலிருந்தும் பாஸ்ராவிலிருந்தும் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. 1856இல் பெத் எல் தொழுகைக்கூடமும், 1884இல் மாகென் தாவீத் தொழுகைக்கூடமும் எழுந்தன. வீட்டில் அவர்கள் அரபு பேசினார்கள். எபிரேய எழுத்தில் அரபு செய்தித்தாள்கள் நடத்தினார்கள். பின்னர் பள்ளியும் வணிகமும் ஆங்கிலத்துக்கு மாறின. இரண்டு தலைமுறைகளில் வீடும் மாறியது. இந்திய விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் பெரும்பாலோர் இங்கிலாந்து, இஸ்ரேல், ஆஸ்திரேலியா என்று புலம்பெயர்ந்தார்கள். ஒருகாலத்தில் சில ஆயிரம் பேர் வாழ்ந்த நகரில் இன்று அவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நார்கேல்டாங்காவில் அவர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது.

அச்சமூகத்தைச் சேர்ந்த ஒரு முதிய அம்மையார், என் நெறியாளர் வழியாக என்னைத் தொடர்புகொண்டார். வயது எண்பதை நெருங்குகிறது. இந்தியாவிலேயே தங்கிவிட்ட சிலரில் ஒருவர். அவர் குடும்பத்தின் பெயர்களை இங்கே தவிர்க்கிறேன். வெளிநாடுகளில் வாழும் அவருடைய உறவினர்கள் ஒன்றுசேர்ந்து, கல்கத்தாவில் உள்ள குடும்பக் கல்லறைகளைச் செப்பனிடப் பணம் திரட்டியிருந்தார்கள். அவற்றுள் அம்மையாரின் பெரியத்தையின் கல்லும் ஒன்று. அவருடைய தந்தையோடு பிறந்தவர்களில் மூத்தவர் அந்த அத்தை. திருமணம் செய்துகொள்ளாமல், தாய் மறைந்த பின் தம்பி தங்கையரை வளர்த்து ஆளாக்கியவர். அவர் கல்லில் எபிரேயம் மட்டுமே இருந்தது. எபிரேயம் அறிந்த உறவினர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, தந்தையின் பெயர் தவறாக வெட்டப்பட்டிருக்கிறது என்றார். அங்கே பாட்டனாரின் பெயர் இல்லை. குடும்பத்தில் யாரும் கேள்விப்படாத ஒரு பெயர் இருந்தது. உள்ளூர்க் கொத்தருக்கு எபிரேயம் தெரியாது, பார்த்து வெட்டும்போது பிழை நேர்ந்திருக்கும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். செப்பனிடும்போது சரியான பெயரை வெட்டிவிடுவது என்றும் முடிவாயிற்று. அம்மையாருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. கல்லில் கைவைப்பதற்கு முன் மொழி படித்த ஒருவர் பார்க்கட்டும் என்றார்.

என்னிடம் வந்தவை மூன்று: அத்தையின் கல்லைக் காட்டும் ஒளிப்படங்கள், பாட்டியின் கல்லின் ஒளிப்படம், பாட்டி பாட்டனாரின் திருமண ஒப்பந்தத்தின் நகல். எபிரேயத்தில் இவ்வொப்பந்தத்தைக் கெத்துபா என்பார்கள்.

கொத்தர் பிழைசெய்யலாம், அதற்கு வழிகளும் உண்டு. தாலெத்தை ரேஷாக வெட்டலாம்; ஓர் எழுத்தை விடலாம்; இரண்டை இடம் மாற்றலாம். ஆனால் பிழைக்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது. மூலத்துக்கும் பிழைக்கும் இடையே வடிவத் தொடர்பு தெரிய வேண்டும். காலைச் சாய்வெயிலில் எடுத்த ஒளிப்படத்தில் அத்தையின் தந்தை பெயர் ஐயமின்றித் தெரிந்தது. பாட்டனாரின் பெயரோடு அதற்கு ஓர் எழுத்துகூடப் பொதுவில் இல்லை. ஒரே மனிதருக்கு எபிரேயப் பெயர் ஒன்றும் வழக்குப் பெயர் ஒன்றும் இருக்கும் மரபு யூதர்களிடையே உண்டு. கெத்துபாவிலும் பாட்டியின் கல்லிலும் பாட்டனாருக்கு ஒரே பெயர்தான் இருந்தது. இன்னொரு வேறுபாடும் என் கண்ணில் பட்டது. கெத்துபாவில் பாட்டனாரின் பெயருக்குப் பின் ஹகோஹேன் என்று இருக்கிறது. குருமார் வழியினர் அந்த அடைமொழியை விடுவது அரிது. அத்தையின் கல்லில், தந்தை பெயருக்குப் பின், அது இல்லை. அந்த வரியில் இடம் தாராளமாக எஞ்சியிருந்தது.

அத்தையின் கல்லில் ஆண்டு தாவ், ஷீன், தேத், சாயின் என்ற நான்கு எழுத்துகள். 400, 300, 9, 7, கூட்டினால் 716. பதினாறை எழுதும் அந்த விதிவிலக்கு இங்கே வந்திருக்கிறது. மாதம் தம்மூஸ். ஆக 1956ஆம் ஆண்டின் ஜூன் அல்லது ஜூலை. வயது நூன், ஆலெப் என்று வெட்டப்பட்டிருந்தது, அதாவது 51. பிறந்தது 1904இன் பிற்பகுதி அல்லது 1905இன் முற்பகுதி ஆகிறது.

அடுத்துக் கெத்துபாவைப் பார்த்தேன். கெத்துபாவின் மொழி எபிரேயம் கலந்த அரமேயம். ஆண்டை எழுத்தெண்களில் சுருக்காமல் சொற்களில் விரித்து எழுதுவார்கள். உலகம் படைக்கப்பட்டதிலிருந்து 5668ஆம் ஆண்டு, கிஸ்லேவ் மாதம் என்று இருந்தது. வாய்பாட்டின்படி 1908, கிஸ்லேவ் மூன்றாம் மாதம் ஆகையால் ஒன்றைக் கழிக்க, 1907இன் நவம்பர் அல்லது டிசம்பர். அத்தை பிறந்து இரண்டு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் கழிந்த பின்பே இந்தத் திருமணம் நடந்திருக்கிறது.

இந்த இடத்தில் அவசரப்பட்டு ஒரு கதையைக் கட்டிவிட யாருக்கும் தோன்றும். ஆவணமே விடை சொல்லும் வரை பொறுத்திருப்பது நல்லது. கெத்துபாவில் மணமகளின் நிலையைக் குறிக்கும் ஒரு சொல் கட்டாயம் இருக்கும். முதல் திருமணம் என்றால் 'பெதூல்தா'. கைம்பெண் என்றால் 'அர்மல்தா'. மணவிலக்குப் பெற்றவர் என்றால் 'மெதாரக்தா'. இந்த நகலில் அச்சொல்லின் முற்பாதி தாளின் மடிப்பில் கிழிந்துபோயிருந்தது. மீண்டும் வரும் இடங்களை நீர்க்கறை விழுங்கியிருந்தது. தப்பியவை கடைசி மூன்று எழுத்துகள்: லாமெத், தாவ், ஆலெப்.

நீண்ட கழுத்துடைய லாமெத் இங்கே தன் வேலையைச் செய்கிறது. மெதாரக்தா என்ற சொல்லில் அந்த இடத்தில் வர வேண்டியது காப். அதற்குக் கழுத்து இல்லை. ஆகவே மணவிலக்குப் பெற்றவர் என்ற வாய்ப்பு நீங்குகிறது. கோஹேன் வழியினர் மணவிலக்குப் பெற்ற பெண்ணை மணக்கக் கூடாது என்ற சமய விதியும் இதற்கு ஒத்துப்போகிறது. ஆனால் பெதூல்தா, அர்மல்தா என்ற இரண்டு சொற்களும் இதே மூன்று எழுத்துகளில்தான் முடிகின்றன. எஞ்சியதை வைத்து இரண்டையும் பிரிக்க இயலாது.

விடை இரண்டு வரிகள் தள்ளி இருந்தது. கணவன் மனைவிக்கு உறுதியளிக்கும் அடிப்படைத் தொகையை மரபு வரையறுத்திருக்கிறது. முதல் திருமணம் செய்யும் பெண்ணுக்கு 200 சூஸ் என்ற பழைய வெள்ளி நாணயம், கைம்பெண்ணுக்கு 100. இத்தொகையும் சொற்களிலேயே எழுதப்படும். தாளில் இருந்த சொல் நூறு.

பாட்டி கைம்பெண்ணாக மறுமணம் செய்துகொண்டவர். அத்தை அவருடைய முதல் கணவரின் மகள். பாட்டனார் வளர்ப்புத் தந்தை. பள்ளியிலும் அலுவலகத்திலும் அத்தை பாட்டனாரின் குடும்பப் பெயரையே பயன்படுத்தியிருக்கிறார். ஆங்கிலத்தில் அதற்குத் தடை இல்லை. எபிரேயத்தில் பெற்ற தந்தையின் பெயரே நிற்கும். கோஹேன் அல்லாத ஒருவரின் மகளைக் கோஹேனின் மகளாக எழுதுவதை மரபு ஏற்பதில்லை. கொத்தர் பிழை எதுவும் செய்யவில்லை. அந்த வரியில் ஒவ்வோர் எழுத்தும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆய்வாளருக்கு இது அழகான ஒரு நிறுவல். அந்த அம்மையாருக்கு இது சொந்த வீட்டின் செய்தி. எண்பதாண்டுகள் ஒரு விதமாக நினைத்திருந்த குடும்பத்தை வேறு விதமாக நினைக்கச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று நெறியாளரிடம் கேட்டேன். கேட்டவர் அவர்தானே, விடையும் அவருடையதுதானே என்றார் நெறியாளர். தொலைபேசியில் அழைத்து, நான் கண்டதைப் படிப்படியாகச் சொன்னேன். எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தும் சொன்னேன். அவர் இடைமறிக்கவில்லை. சற்று நேரம் கழித்து ஒன்று மட்டும் கேட்டார்: "கல் எந்த வருஷத்தியது?" 1956 என்றேன். "அப்படியென்றால் அந்தக் கல்லை வைத்தவர் என் அப்பா. எழுத வேண்டியதை எழுதிக்கொடுத்தவரும் அவராகத்தான் இருக்கும். அவருக்குத் தெரிந்திருக்கிறது" என்றார்.

இதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. ஓர் ஒன்றுவிட்ட உண்மையாக நான் கருதியது அவருக்குத் தம் தந்தையைப் பற்றிய செய்தியாக இருந்தது. தம்மை வளர்த்த அக்காளுக்கு அவளுடைய தகப்பன் பெயரை முறையாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார் ஒரு தம்பி. அதை ஒளிக்கவும் இல்லை; திறந்த வெளியில், கல்லில் வெட்டி வைத்தார். அவருடைய தலைமுறையில் தொழுகைக்கூடத்துக்கு வந்துபோன எவரும் அதைப் படித்திருப்பார்கள். அடுத்த தலைமுறை ஆங்கிலத்தில் வளர்ந்தது. அவர்களுக்கு அந்த வரி, மரியாதையோடு பார்க்க வேண்டிய அழகிய கோடுகளாகிவிட்டது. யாரும் மறைக்காத ஒன்று, மொழி மாறியதாலேயே மறைபொருளாயிற்று. மொழிப்பெயர்வு பற்றி நாம் வகுப்பறையில் பேசும்போது பேசுவோர் எண்ணிக்கை, பயன்பாட்டுக் களம், தலைமுறைக் கையளிப்பு என்று அளவிடுகிறோம். ஒரு குடும்பம் தன் தந்தை எழுதிவைத்ததைப் பிழை என்று நினைத்து அழிக்கப் புறப்படுவதும் மொழிப்பெயர்வின் விளைவுதான் என்பதை அன்று அறிந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கெத்துபா கைம்பெண் என்று மட்டுமே சொல்கிறது. இறந்த முதல் கணவரின் பெயரை அது சொல்வதில்லை. குடும்பத்தின் கையில் இருக்கும் ஆவணங்களில் அந்த மனிதரின் பெயர் இருப்பது ஒரே இடத்தில், அவர் மகளின் கல்லறைக் கல்லில். திட்டமிட்டபடி பெயரைத் திருத்தியிருந்தால் அவர் அந்த ஒரே இடத்திலிருந்தும் போயிருப்பார்.

குடும்ப வரலாறு தேடுவதை ஓய்வுபெற்றோரின் பொழுதுபோக்காக நம்மில் சிலர் நினைக்கிறோம். ஓர் ஆவணத்தின் ஒரு வரி ஒரு சமூகத்தின் தகுதியையே தீர்மானித்த காலமும் உண்டு. 1960களின் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து சென்ற பெனே இஸ்ரேல் சமூகத்தினரின் திருமணங்களுக்கு முன் அவர்களின் வம்சாவளியை விசாரிக்க வேண்டும் என்று இஸ்ரேலின் தலைமை ரப்பிமார் பணித்தார்கள். பெரும் போராட்டத்துக்குப் பின் 1964இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று அறிவித்தது. கொங்கணக் கரையின் ஊர்ப் பெயர்களைக் குடும்பப் பெயராகக் கொண்டிருந்த அந்த மக்கள், தங்கள் பாட்டிமார் யாருடைய மகள்கள் என்று அதிகாரிகளுக்கு நிறுவ வேண்டியிருந்தது.

வரலாற்றின் பெரிய கண்டுபிடிப்புகளும் இத்தகைய சிறு வாசிப்புகளால் ஆனவைதாம். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் குவிந்துகிடந்த தாள்களைச் சாலமன் ஷெக்டர் 1896-97இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். அவற்றிலிருந்துதான், 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற வணிகரின் வாழ்க்கை தெரியவந்தது. அவர் கடிதங்களின் எழுத்து எபிரேயம், மொழி அரபு. ஆஷு என்ற இந்தியப் பெண்ணை அவர் 1132இல் அடிமைநிலையிலிருந்து விடுவித்த ஆவணமும் அத்தாள்களில் இருந்தது. அவர் பிள்ளைகளின் தாய் அந்தப் பெண்ணே என்று அறிஞர்கள் கருதுவதற்கு அதுவே அடிப்படை. எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெண்ணின் பெயர், எழுத்தையும் மொழியையும் பிரித்தறியத் தெரிந்தவர்கள் இருந்ததால் நம்மை வந்தடைந்தது.

நம் பல்கலைக்கழகங்களில் மொழியியல் பயில்வோருக்கு எழுத்துமுறைகளைப் பற்றிய பயிற்சி குறைவு. பேச்சே மொழி, எழுத்து அதன் நிழல் என்று முதல் வகுப்பிலேயே கற்றுக்கொண்டு, பிறகு அந்த நிழலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பேசியவர்கள் போய்விட்ட இடத்தில் எஞ்சுவது அந்த நிழல்தான். இந்தியாவில் எபிரேய எழுத்துள்ள கற்கள் கொச்சியிலும் சேந்தமங்கலத்திலும் மும்பையிலும் புணேயிலும் கல்கத்தாவிலும் இருக்கின்றன. சேந்தமங்கலத்தில் இஸ்ரவேலின் மகள் சாராளின் கல் 1269ஐச் சேர்ந்தது. அதிலும் ஒரு பெண் தந்தையின் பெயரோடுதான் நிற்கிறார். ஒளிப்படக் கருவியும் பொறுமையும் உள்ள மாணவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் ஒரு தோட்டத்தையே பதிவுசெய்துவிடலாம். பதிவுசெய்யும்போது மொழிபெயர்ப்பை மட்டும் எழுதி வைக்காதீர்கள்; எழுத்துக்கு எழுத்து உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஐயமுள்ள எழுத்தை ஐயமுள்ளதாகவே காட்டுங்கள். எதிர்பாராத பெயர் ஒன்று வந்தால், அதைப் பிழை என்று ஒதுக்குவதற்கு முன் அது சரியாக இருக்க என்னென்ன வழிகள் உண்டு என்று பட்டியலிடுங்கள்.

நார்கேல்டாங்காவில் வேலை முடிந்துவிட்டது என்று சென்ற மாதம் செய்தி வந்தது. கல்லைக் கழுவி, எழுத்துக் குழிவுகளில் கறுப்பு மை இட்டிருக்கிறார்கள், வேறெதையும் மாற்றவில்லை. அத்தையின் தந்தை பெயரை எப்படி உச்சரிப்பது என்று அம்மையார் கேட்டார். உயிர்க்குறி இல்லாததால் இரண்டு விதமாகவும் சொல்லலாம் என்றேன். இரண்டையும் ஒரு தாளில் எழுதி அனுப்பச் சொன்னார். நினைவு நாளில் இரண்டையும் சொல்லிவிடுவதாகவும், எது சரியோ அது போய்ச் சேரும் என்றும் சொன்னார்.